சிஸ்டருக்கு நான் சொல்லிக்கொடுத்த தமிழ்

ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனிப் பையன்கள் தங்கும் மூன்று மாடிக் கட்டடம் நான் கட்டியது. அந்த இடம் வெறும் பாறை, போர் போட்டாலும் தண்ணீர் வராது என்றார்கள், வந்தது. இன்றைக்கு என் தண்ணீர் லாரிகள் மட்டுமே ஆறு ஓடுகின்றன. படப்பையில் கல்யாண மண்டபம். சுங்குவார்சத்திரத்தில் எல்லா ஷிஃப்டுக்கும் சோறு போடும் மெஸ். பேங்க்காரன் விரட்டினான், பங்காளி கேஸ் போட்டான், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பும் முறிந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் செய்தவை இவை. இப்போது எழுந்து உட்காரவே அலுப்பாக இருக்கிறது.

ஆனால் நான் பார்த்த முதல் வேலை வாத்தியார் வேலை. அதை யாரும் எங்கேயும் எழுதவில்லை.

அப்போது எங்கள் ஏரிக்கரையில் இரண்டு அறை ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. சம்பளம் வாங்காமல் சேவை செய்யக் கடல் தாண்டி வந்த ஒரு வெள்ளைக்கார நர்ஸ் அங்கே இருந்தார். ஊருக்கே அவர் சிஸ்டர். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க வராது. சோற்றைப் பிசைந்தால் ரசம் முழங்கைக்கு ஓடும். எனக்கு ஒன்பது வயது. காலில் முள் ஏறிச் சீழ் வைத்து, தினமும் கட்டுப் போட அங்கே போய் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு உட்காருவேன். கட்டு அவிழ்க்கும் நேரத்தில் அவர் தமிழ் கேட்பார். நான் சொல்லிக்கொடுப்பேன். தப்பாகச் சொன்னால் தோப்புக்கரணம். பள்ளிக்கூடத்தில் நான் வாங்கியதையெல்லாம் அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன், பிரம்படி ஒன்றைத் தவிர. அவரும் சிரித்துக்கொண்டே போடுவார்.

முக்கியமாக இரண்டு பாடம் நடத்தினேன். வீட்டுக்காரர் ‘வாங்க’ என்று சொல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லாமல் வரக் கூடாது. எந்த வீடாக இருந்தாலுமா என்று கேட்டார். எந்த வீடாக இருந்தாலும்தான் என்றேன். வாத்தியார் தெரியாது என்று சொல்வாரா?

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் செத்துப்போனார். அவருக்கு மருந்து கொடுத்து வந்தவர் சிஸ்டர்தான். துக்கத்துக்குப் போனார், கொஞ்ச நேரம் உட்கார்ந்தார், எழுந்து கைகூப்பி, நான் சொல்லிக்கொடுத்தபடியே தெளிவாக “போயிட்டு வரேன்” என்றார். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள். சொன்னால் அங்கே இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தம். பத்தாம் நாளுக்குள் பெரியவரின் சம்சாரமும் போய்விட்டாள். அவள் ஏற்கெனவே படுத்த படுக்கைதான். ஆனால் அதை யார் கேட்கிறார்கள்?

ஊரார் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டார்கள். என் அப்பாவும் கூட்டத்தில் இருந்தார். அப்படிச் சொல்ல யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது என்று ஒருவர் கேட்டார். சிஸ்டர் பெஞ்சில் இருந்த என்னை ஒரு தடவை பார்த்தார். “நானே. புஸ்தகத்தில் படிச்சேன்” என்றார். நான் குனிந்து என் கால் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஆள் போகவில்லை. என் கால் புண்ணுக்கும் வேப்பிலை மஞ்சள்தான்.

எங்கள் வீட்டில்தான் அது பெரிய சிக்கல். எனக்குப் பிறகு பிறந்த இரண்டும் ஒரு வாரம் தாங்கவில்லை. அம்மாவுக்கு இப்போது மறுபடியும் மாசம். இந்தப் பிரசவத்துக்கு நானே வருகிறேன் என்று சிஸ்டர் வாக்குக் கொடுத்திருந்தார். “அந்த வாய் நம்ம வூட்டுப் படி ஏறக் கூடாது” என்றுவிட்டார் அப்பா.

வலி கண்டது ஒரு பகலில். அப்பா பக்கத்து ஊருக்கு மருத்துவச்சியைக் கூப்பிடப் போயிருந்தார். வீட்டில் அத்தையும் நானும். யார் சொன்னார்களோ, சிஸ்டர் பையோடு வந்து படலுக்கு வெளியே நின்றார். உள்ளே அம்மா கத்துவது தெருவுக்கே கேட்டது. அவர் நகரவில்லை. முகம் சிவந்து வேர்த்து ஊற்றுகிறது, ஆனாலும் உள்ளே வரவில்லை. யாரும் ‘வாங்க’ என்று சொல்லவில்லையே. அது நான் நடத்திய பாடம்.

நான் நொண்டிக்கொண்டே போய்ப் படலைத் திறந்தேன். “வாங்க” என்றேன்.

அத்தை பாய்ந்து வந்தாள். “இன்னாடா, பெரிய மன்சன் ஆயிட்டியா? உங்கப்பன் வந்தா நானா பதில் சொல்றது?”

அதற்குள் சிஸ்டர் உள்ளே போய்விட்டார். மருத்துவச்சி வந்து சேர்வதற்குள் தங்கச்சி பிறந்து அழுதுவிட்டாள். அத்தையே சிஸ்டர் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

கிளம்பும்போது சிஸ்டர் வாசற்படியில் நின்று திரும்பினார். அம்மா படுத்தபடியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் வாயைத் திறந்தார், மூடினார், பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

“சொல்லிக்காமலே போறாங்களே” என்றாள் அம்மா. “எம்மேல கோவமா கீதோ?”

எனக்கு ஆத்திரம் வந்தது. படித்துப் படித்துச் சொல்லியும் பாடத்தை மறந்துவிட்டாரே என்று. அடுத்த மாதமே அவர் தன் தேசத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அவர் எதையும் மறக்கவில்லை என்பது எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் விளங்கியது. மகளோடு இருக்க வெளிநாடு போய், அங்கே ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தேன். எதைச் சொன்னால் தப்பாகுமோ என்று கடைசிவரை வாயே திறக்கவில்லை. நான், இத்தனை பேரை மிரட்டி வேலை வாங்கியவன். அந்தப் பயம் ஆளை எப்படிக் கட்டிப்போடும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்போது அந்த ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம். கல்வெட்டில் சிஸ்டர் பெயர் பொறித்தாகிவிட்டது. திறப்பு விழாவுக்கு மலர் அச்சடிக்கிறோம், ஒரு முழுப்பக்க விளம்பரம் கொடுங்கள் என்று கமிட்டிக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். கொடுக்கிறேன். ஆனால் விளம்பரத்துக்குப் பதில் இதைப் போடுங்கள். கல்வெட்டிலும் சிஸ்டர் பெயருக்குக் கீழே என் பெயர் வர வேண்டும். ‘வாங்க’ என்று கூப்பிட்டவன் இவன் என்று வெட்டுங்கள். அதோடு, சிஸ்டருக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தவனும் இவன்தான், புஸ்தகம் இல்லை என்றும் வெட்டுங்கள். இரண்டில் ஒன்றை விட்டாலும் நான் விழாவுக்கு வர மாட்டேன்.