முருங்கை மரம் குடித்த விளக்கெண்ணெய்

“நாலு வருசம் படிச்சிட்டு எங்க வயித்துக்கே பாடம் எடுக்க வந்துட்டியாக்கும்?”

போன மாதம் அம்மா இப்படித்தான் கேட்டாள். தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள் அவள். கையில் ‘குடல் சுத்தி’ என்று அச்சடித்த பொடிப் பாக்கெட். போடி பஸ் ஸ்டாண்டில் யாரோ விற்றார்களாம். குடிக்காதே என்றேன், அதற்குத்தான் அந்தக் கேள்வி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். மருந்தாளுநர் படிப்பை முடித்து மருந்துக்கடையில் நிற்கிறேன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு என்பதால் கேள்வி சுருக்கென்று தைத்தது.

பாக்கெட்டைப் பிரித்து மோந்தேன். எவ்வளவு சோம்பும் சுக்கும் போட்டாலும் பேதி மருந்துக்கென்று ஒரு வாடை இருக்கிறது. அது என்னை நேரே எங்கள் பழைய காம்பவுண்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

அங்கே ஐந்து வீட்டுக்கு ஒரே கக்கூஸ். அதனால் விளக்கெண்ணெய் குடிக்கவும் முறை வைத்திருந்தார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வீடு. முறை தவறினால் சண்டைதான். “இன்னைக்கு எங்க வீட்டுப் பேதி, உங்க பிள்ளைகளத் தள்ளி நிக்கச் சொல்லு” என்று அம்மா விடியும்போதே அறிவித்துவிடுவாள். டம்ளரில் கடுங்காப்பி, அதன்மேல் மொழுமொழுவென்று எண்ணெய்.

முதல் தடவை குடித்தேன். அதோடு சரி. அடுத்த தடவையிலிருந்து வாயில் அடக்கிக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் துப்பிவிடுவேன். பிறகு நடிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாளியோடு ஓட வேண்டும். உள்ளே சும்மா இருக்க முடியாதே, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பேன். பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு இன்றைக்கும் தடுமாறாமல் வருவதற்கு அந்தக் கக்கூஸ்தான் காரணம். அம்மா வெளியிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள்.

“எத்தன தடவடி?”

“அஞ்சும்மா!”

மத்தியானம் ரசம் சோறு கிடைக்கும்.

பள்ளி முடிகிறவரை இப்படியே ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது படிக்கப் போன பிறகு தெரிந்தது. நன்றாக இருக்கிற குடலை யாரும் கழுவிவிட வேண்டியதில்லை, தன்னை அதுவே சுத்தம் செய்துகொள்ளும். சும்மா சும்மா பேதிக்குக் குடித்தால் உடம்பிலுள்ள நீரும் உப்பும்தான் போகும்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன், பழைய திருட்டையும் சேர்த்து.

“அடி கழுத! அதான் அந்த முருங்க அப்படிக் காச்சுச்சா!” என்று சிரித்தாள். சிரித்து முடித்து, பாக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொடியைக் குடித்துவிட்டு, திங்கட்கிழமை தோட்டத்தில் மயங்கி விழுந்தாள். ஜீப்பில் படுக்கவைத்துக் கீழே கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது, முதல் தடவையாக, பாடம் எடுக்காமல் கேட்டேன்.

“ஏம்மா, அப்படி என்னதான் இருக்கு அந்தப் பொடியில?”

“மலையில ஒதுங்க எடம் ஏதுடி? மறைவுக்குப் போனா அட்டை ஏறுது. இல்லாட்டி மருந்தடிக்கிற ஆம்பளைக நிக்கிறாக. அதான் தண்ணியும் குடிக்கிறதில்ல, வர்றதையும் அடக்கிக்கிறது. வாரமெல்லாம் வயிறு கல்லாட்டம் கெடக்கும். ஞாயித்துக்கெழம ஒருநா வழிச்சு விட்டாத்தான் மறுநா பயமில்லாம ஜீப்பு ஏற முடியுது. எல்லாப் பொம்பளைகளும் அப்படித்தான்.”

காம்பவுண்டு ஞாயிறுகளும் இப்படி வந்தவைதான் என்று அப்போதுதான் புரிந்தது. தன் வயிற்றுக்குச் சுகமாக இருந்ததைப் பிள்ளைக்கும் கொடுத்திருக்கிறாள்.

அம்மா எழுந்து நடமாடியதும், ஜீப்பில் அவளோடு போகிற எட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு தோட்ட முதலாளியிடம் மலையில் ஒரு கக்கூஸ் கேட்டுப் போனேன். “எடம் வேணாத் தர்றேன். சாமானெல்லாம் நீங்க பாத்துக்கங்க” என்றார், நாங்கள் அத்தோடு போய்விடுவோம் என்று நினைத்து. அந்த வாரமே குழி வெட்டிவிட்டோம்.

காம்பவுண்டு இப்போது இல்லை. இடித்துவிட்டு ஏலக்காய்க் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். முருங்கையும் போயிற்று, முறைவைத்துப் பேதியாகும் ஞாயிறுகளும் போயின. அந்த ஐந்து குடும்பத்துக்கும் இன்று வீட்டுக்கு வீடு கக்கூஸ் இருக்கிறது. மலையில்தான் இல்லை.

இன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். விடியும்போதே தகரம், பீங்கான், சிமெண்டு மூட்டை, மூடி போட்ட குடம் எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றினோம். டிரைவர் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

“என்ன பாப்பா, இன்னைக்குக் கக்கூஸ் லோடா?”

“ஆமாண்ணே. வெரசா எடுங்க, சோலி கெடக்கு.”

அடிவாரத்து முந்தலைத் தாண்டி ஜீப்பு மலையேறத் தொடங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, யாரும் சொல்லாமலே பாட்டிலைத் திறந்து, பாதித் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள்.