மல்யுத்த மண்டபத்தில் ஒரு தோசைக்கல்

இத்தாலியின் பலெர்மோவில் இறங்கியும் தங்கச்சி வீட்டுக்கு இன்னும் போகவில்லை. நகரத்தின் சீசா பகுதியில் மச்சான் துப்புரவு வேலை செய்யும் மண்டபத்தில் இன்று மல்யுத்தம். அது முடிந்து, அவர் கூட்டித் துடைத்த பிறகுதான் வீடு. என்னை முன்வரிசையில் இருத்திவிட்டுத் தும்புத்தடியோடு பக்கத்தில் நிற்கிறார்.

இது கதிரை, தகரம், முள்ளுக்கம்பியால் அடிக்கிற வகை. முதலில் ஒரு கராஜுக்குள் நடந்ததாம். காட்டுமிராண்டித்தனம் என்று மாதா கோயில் சாமியார் பூசையில் ஏசிய பிறகுதான் இவ்வளவு சனமாம்.

அடிக்கிற சாமானையும் சனமே கொடுக்கிறது. நெற்றியில் இரத்தத்தோடு ஒரு தடியன் வந்து என்னிடம் கையை நீட்டுகிறான். மடியில் இருப்பது தங்கச்சி ஆசையாய்க் கேட்ட இரும்புத் தோசைக்கல். அதன் பாரத்தில் பை கிழிந்துவிட்டது. முன்பின் தெரியாதவரிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கொடுத்துவிடுகிறேன்.

"மச்சான், கல்லு உடைஞ்சிடுமோ?"

"உடைஞ்சா உங்கட தங்கச்சி என்னைத்தான் அடிப்பா."

தடியன் ஒரு கையால் தூக்கப் பார்த்து, மற்றக் கையையும் கொடுக்கிறான். அவனிடம் அடிவாங்கி என் காலடியில் மயங்கிக் கிடந்தவன் ஒரு கண்ணைத் திறந்து, கல்லைப் பார்த்து, மெதுவாக ஏதோ சொல்கிறான்.

"என்னவாம்?"

"அது மட்டும் வேண்டாமாம். நாளைக்கு வேலைக்குப் போகோணுமாம்."

தடியன் கல்லை மரியாதையாகத் திருப்பித் தருகிறான். பிறகு என்னை எழும்பச் சொல்லி, என் கதிரையைத் தூக்கிக்கொண்டு போகிறான். மிச்சச் சண்டையைத் தோசைக்கல்லை அணைத்தபடி நின்றே பார்க்கிறேன்.