பெற்றீசியா மிஸ் போடாத ‘சரி’

எந்தப் பத்திரத்தைக் கொடுத்தாலும் பெற்றீசியா மிஸ் கடைசித் தாளில்தான் தொடங்குவார். கொண்டையில் செருகிய பென்சிலை உருவி, அட்டவணையின் வரிகளுக்குக் கீழே மெல்ல ஓட்டுவார். “சாமான் என்னான்னு கடைசியிலதானே எழுதியிருக்கு? அதப் பாக்காம முன்னுக்குள்ள கதையெல்லாம் படிச்சு என்னத்துக்கு?” தாள் சுத்தமென்றால் மூலையில் சின்னதாக ஒரு சரி போடுவார். வடக்கெல்லை பிழையென்று என் காணி உறுதிப் பத்திரத்தை மூன்று தடவை திருப்பி அனுப்பிய புண்ணியவதி இவர்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வேலியை அளந்தபோது அவர் சொன்னதே சரியாக இருந்தது, என்ன செய்ய!

மிஸ்ஸின் ஊர் புசல்லாவை. கண்டியில் சட்டத்தரணி திருச்செல்வத்தின் கந்தோரில் இருபத்தாறு வருடமாக எழுதுவினைஞர். பகலுக்கு ரொட்டியும் சம்பலும். உறுதிகளில் எண்ணெய் பட்டுவிடுமென்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றே சாப்பிடுவார்.

போன வருடம் ஹோட்டல்காரர் மோகனராஜ் ஓர் ஒப்பந்தத்தோடு வந்தார். வெளிநாட்டுக் கம்பெனியொன்றின் சின்ன விமானத்தைக் குத்தகைக்கு எடுத்து, பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் இறக்கி, சுற்றுலாக்காரரை ஏற்றப்போகிறாராம். ஓட்டப்போவது அவர் மகள் துஷானி. விமானி உரிமம் எடுத்து இரண்டு வருடமாக வேலையில்லாமல் இருந்தவள். அப்பாவுக்குப் பக்கத்தில் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னைக்கே கையெழுத்து வெக்கணும் மிஸ். இல்லாட்டி வேற ஆளுக்குக் குடுத்துருவான்” என்றார் மோகனராஜ்.

மிஸ் வழக்கம்போல கடைசித் தாளைப் புரட்டினார். இரண்டு மிதவை பொருத்திய விமானம் என்றது அட்டவணை. பின்னால் இணைத்திருந்த பறக்கும் தகுதிச் சான்றிதழையும் அதன் தாள்களையும் பார்த்தார். அவற்றில் எங்கு தேடியும் தரையில் உருளும் சில்லுதான் இருந்தது, மிதவையைக் காணோம்.

“இது பிளான்ல இல்லாத குசினி, முதலாளி” என்றார் மிஸ்.

திருச்செல்வம் சிரித்துவிட்டார். “மிஸ், இது வீடு இல்ல, பிளேன்.”

“வீட்டுக்கு மாநகரசபை அனுமதி இருக்கு சேர். பொறகு இழுத்துக் கட்டின குசினிக்கு இல்ல. அந்த மாதிரித்தான். சான்றிதழ் குடுத்தது சில்லு வெச்ச பிளேனுக்கு. மிதவைய மாட்டினதுக்குக் கடுதாசி எங்க?”

சட்டத்தரணி தாள்களை இழுத்து வாசித்தார். பதினாலாம் பிரிவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. உள்ளது உள்ளபடி ஏற்கிறோம், எல்லா அனுமதியும் குத்தகைக்காரர் பொறுப்பு என்றிருந்தது. சான்றிதழ் செல்லாவிட்டால் காப்புறுதியும் கைவிரித்துவிடும்.

“அதெல்லாம் பொறகு எடுத்துக்கலாம்” என்றார் மோகனராஜ்.

“தாராளமா எடுத்துக்கலாம். எடுக்கும் வரைக்கும் அதுல ஒக்காந்திருக்கப் போறது ஒங்க புள்ளதானே?”

துஷானி அந்தத் தாள்களை அன்றுதான் பார்த்தாள். முகம் வாடிப்போனது. “எனக்குப் பறக்கணும்ப்பா. இப்பிடி வேணாம்” என்றாள்.

மிஸ் பென்சிலால் ஒரு பிரிவை எழுதினார். மிதவைக்கான அங்கீகாரம் வந்து, விமானப் போக்குவரத்து அதிகாரசபைப் பரிசோதகர் விமானத்தை நேரில் பார்த்து, சான்றிதழைச் சரியென்று சொல்லும் நாளில்தான் குத்தகை தொடங்கும். கடைசித் தாளின் மூலையை மட்டும் வெறுமையாக விட்டார்.

திருத்தத்தை அனுப்பியும் கம்பெனி பத்தொன்பது நாள் பதிலே போடவில்லை. மோகனராஜ் தெருவில் மிஸ்ஸைக் கண்டால் மறுபக்கம் போவார். “போகட்டும், புள்ள உசிரோட இருக்குல்ல” என்பார் மிஸ். சொன்னாலும், ரொட்டி பாதியோடு பெட்டிக்குள் போய்விடும். அந்தப் பெண்ணின் வேலையைத் தானே கெடுத்துவிட்டோமோ என்ற கலக்கம் அவருக்கு. இருபதாம் நாள் கம்பெனி சம்மதித்தது. அங்கீகாரமும் பரிசோதனையும் முடிய இன்னும் நான்கு மாதம் போனது.

போன சனிக்கிழமை பொல்கொல்லையில் விமானம் ஆடி ஆடி மிதந்தது. மோகனராஜ் தானே வந்து மிஸ்ஸை அழைத்துப்போனார். வேடிக்கை பார்க்க நானும் தொற்றிக்கொண்டேன். எல்லோரும் மூக்குப் பக்கம் நின்று படம் எடுக்க, மிஸ் நேரே வாலுக்குப் போனார். அங்கிருந்த தகட்டு இலக்கத்தைக் கைப்பையிலிருந்த கடைசித் தாளோடு ஒப்பிட்டார். பரிசோதகரின் கடிதத்தை விரித்துவைத்து, மிதவைகளின் இலக்கங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“மிஸ், சரியா?” என்று கதவருகிலிருந்து கேட்டாள் துஷானி.

 மிஸ் தாளை விமானத்தின் உடம்பிலேயே வைத்து, ஐந்து மாதமாக வெறுமையாகக் கிடந்த மூலையில் சரி போட்டார். பென்சிலைக் கொண்டையில் செருகினார். செருப்பைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு, முதல் ஆளாக ஏறினார்.