யாரக்கா

எக்ஸ்ரே படத்திலிருந்து வெட்டிய பட்டையை வரிக்குக் கீழே வைத்து, உதடு மட்டும் அசையப் படித்துக்கொண்டு வருகிறார். பட்டை ஒவ்வொரு வரியாக இறங்குகிறது. ஓரிடத்தில் நிற்கிறது. பச்சைப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி, ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதுகிறார்: "யார்?" எழுதி முடிக்கும் வரை மூடி பல்லிடுக்கிலேயே இருக்கும். அந்த நேரத்தில் அவரோடு வாதாடிப் பயனில்லை, பதில் வராது.

மாலை நாளிதழ் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறார். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் முதலாளியிலிருந்து லிஃப்ட்காரர் வரை எல்லாருக்கும் அவர் யாரக்காதான். தொலைபேசியை எடுத்து அவர் "யாரு?" என்றால், மறுமுனையில் "நீங்கதானே யாரு!" என்று சிரிப்பது அங்கே பழைய வேடிக்கை. எக்ஸ்ரே அவருடைய கணவரின் முழங்கால். "மனுஷன் திரும்ப லாரி ஓட்டப் போறதில்ல. படமாவது வேலைக்குப் போகட்டும்" என்பார். அந்த வீட்டில் இப்போது சம்பளம் வாங்குவது இவர் ஒருவர்தான்.

வேலைக்குச் சேர்ந்தது தாள் மடிக்கும் பிரிவில். கழிவுத் தாள்களைப் படித்துப் படித்து எழுத்து வசப்பட்டது. இலக்கணம் பழைய காகிதக் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. அதில் முன்பாதி இல்லை. "பெயர்ச்சொல் எல்லாம் கிழிஞ்சு போச்சு. வினைச்சொல்லுலதான் ஆரம்பிச்சேன். அதான் எங்க போனாலும் யாரு செஞ்சான்னு தேடுறேன்."

அவர் அதிகம் சண்டை போட்டது ஒரே ஓர் எழுத்தோடு. உடைந்தது, எரிந்தது, அழிந்தது, இடிந்தது. எல்லாம் தானாக நடந்தவை போல நடுவில் ஒரு 'ந்' உட்கார்ந்திருக்கும். அதை அடித்து 'த்' போடுவார்: உடைத்தது, எரித்தது, அழித்தது, இடித்தது. உடனே யாரோ ஒருவர் வரிக்குள் வந்து நின்றாக வேண்டும். ஆற்றங்கரையில் குடிசைகள் எரிந்த செய்தி வந்தபோது, யார் எரித்தது என்று நிருபரை மூன்று முறை திருப்பி அனுப்பினார். ஆலை மூடியதில் நானூறு பேர் வேலை இழந்தனர் என்று ஒருவர் எழுதிக் கொண்டுவந்தார். "இழந்தாங்களா? பஸ்ஸுல குடையை விட்டுட்டு வர்ற மாதிரியா?" என்றார். மறுநாள் முதல் அந்தப் பத்திரிகையில் யாரும் வேலை இழப்பதில்லை, ஆலைதான் அவர்களை வேலையை விட்டு நிறுத்துகிறது.

அவர் எப்போதும் சரி என்று சொல்ல முடியாது. வெள்ளத்தில் பாலம் இடிந்த செய்தியில் பழக்க தோஷத்தில் 'த்' போட்டுவிட்டார். "பாலத்தை இடித்தது ஆறு" என்று அச்சாகி வந்தது. "ஆத்து மேல கேஸ் போடலாமாக்கா?" என்று ஒரு வாரம் கேலி செய்தார்கள். யார் செய்தது என்று தெரியாதபோது ஊகித்து எழுதவும் விடமாட்டார். "தெரியலைன்னா தெரியலைன்னு எழுது. தலையைச் சுத்தி மூக்கைத் தொடாத." வீட்டில் பேரன் "தட்டு உடைஞ்சிருச்சு" என்று சொல்வதை நிறுத்தி வெகுநாளாகிறது. "நான் உடைச்சிட்டேன்" என்று நேராக வந்து நிற்கிறான். திட்டும் பாதியாகக் குறைகிறது.

போன மாதம் கடல் கடந்த போர் ஒன்றில் கூட்டுப்படை இறங்கியது. அதில் நம் நாட்டுப் படையும் சேர்ந்தது. அரசு விளம்பரங்கள் முழுப் பக்கமாக வரத் தொடங்கின. முதலாளி யாரக்காவைக் கூப்பிட்டார். "பிழை இருந்தா திருத்துங்கம்மா. செய்தியில கை வைக்காதீங்க. இன்னொரு தடவை நடந்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு முதல் பக்கத்தின் மெய்ப்பு வந்தது. தலைப்பு: "அமைதி நடவடிக்கை: பள்ளி இடிந்து 31 பேர் பலி." பட்டை நின்றது. பேனா மூடி பல்லுக்குப் போனது. தாள் திரும்பிப் போனபோது தலைப்பு இப்படி இருந்தது: "கூட்டுப்படை பள்ளியை இடித்து 31 பேர் சாவு."

செய்தி ஆசிரியர் தாளோடு ஓடி வந்தார். யாரக்காவிடம் வேலை பழகியவர்.

"வேணாங்க்கா. ஏஜென்சி கொடுத்த மாதிரியே போகட்டும்."

"நாலாவது பத்தியைப் படிச்சியா தம்பி? குண்டு போட்டது யாருன்னு அவங்களே எழுதியிருக்காங்க. தலைப்புக்கு வரும்போது மட்டும் விமானம் எங்க போச்சு?"

"முதலாளி சொன்னது மறந்துபோச்சா?"

"பிழை இருந்தா திருத்தச் சொன்னாரு. திருத்தினேன்."

"இது எழுத்துப் பிழையாக்கா?"

"இடிந்துல ஒரு எழுத்து மாத்தினேன். பின்ன அதுக்கு என்ன பேரு?"

"சரி, 'பலி'யாவது இருக்கட்டுமே. ரெண்டே எழுத்து, அழகா உக்காருது."

"சாவும் ரெண்டு எழுத்துதான். பலின்னா யாரோ எதுக்கோ கொடுக்கறது. முப்பத்தொரு பேரை எந்தச் சாமிக்குக் கொடுத்தாங்க?"

செய்தி ஆசிரியர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கம் அச்சுக்குப் போக இருபது நிமிடம் இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு போனார். மாலையில் பத்திரிகை யாரக்கா திருத்தியபடியே வந்தது. அவர் தலைப்பை ஒரு தடவைதான் பார்த்தார். குறுக்கெழுத்துப் போட்டியில் ஒரு 'ற' விட்டுப்போயிருந்தது. அன்று அவர் வருத்தப்பட்டது அதற்குத்தான்.

வியாழக்கிழமை செய்தி ஆசிரியர் ஒரு கடிதத்தை அவர் மேஜையில் வைத்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்து மட்டும் போடுங்கக்கா. நான் என்ன செய்யறது, கொடுக்கச் சொன்னாங்க."

யாரக்கா கடிதத்தை நேராக வைத்து, முதல் வரிக்குக் கீழே முழங்கால் பட்டையை வைத்தார். உதடு அசைந்தது. "கடந்த செவ்வாயன்று முதல் பக்கத்தில் தவறு நேர்ந்துள்ளது. அதன் பொருட்டு, இம்மாத இறுதியோடு தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்." கீழே கையெழுத்து இல்லை. "நிர்வாகம்" என்று மட்டும் இருந்தது.

பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். 'தவறு நேர்ந்துள்ளது' என்பதை ஒரே கோட்டில் அடித்து, மேலே எழுதினார்: "தலைப்பைத் திருத்தியவள் நான்." பட்டை ஒரு வரி இறங்கியது. 'விடுவிக்கப்படுகிறீர்கள்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டார். 'நிர்வாகம்' என்பதைச் சுற்றி இன்னொரு வட்டம். இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்து, ஓரத்தில் "யார்?" என்று எழுதினார்.

பிறகு கடிதத்தைச் செய்தி ஆசிரியர் பக்கமாகத் திருப்பி வைத்து, மூடி பல்லிடுக்கில் இருக்கும்போதே, பச்சைப் பேனாவை அவரிடம் நீட்டினார்.