ஒலக்கூருக்குப் போய் யூதரிடம் மன்னிப்புக் கேட்ட கதை

நாகர்கோவிலில் முந்தின நாள் மாலை ஏறிய ரயில் விழுப்புரம் சந்திப்பில் என்னை இறக்கிவிட்டபோது இன்னும் சரியாக விடியவில்லை. படுக்கைக் கட்டணம் நானூறு ரூபாய்க்குச் சற்று மேல். எதிர்ப் படுக்கைக்காரர் விட்ட குறட்டைக்கு ரயில்வே தனியாக ஒன்றும் வசூலிக்கவில்லை என்பதையும் நன்றியோடு சொல்லிவிடுகிறேன். தங்கை ஸ்டெல்லாவின் வீட்டில் ஒரு நாள் முழுக்கக் காலை நீட்டிக் கிடப்பது, மறுநாள் செஞ்சிக் கோட்டையைப் பார்ப்பது, பிறகு ஊர் திரும்புவது என்பதுதான் என் திட்டம்.

ஸ்டெல்லா வாசலிலேயே நின்றிருந்தாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. எங்கள் நாஞ்சில் நாட்டுப் பேச்சு அவளிடமிருந்து சுத்தமாகக் கழன்றுவிட்டது.

"இன்னாண்ணா, கண்ணு ரெண்டும் செவந்துக்கினு கீது? ஜல்தி குளிச்சிட்டு வா. எட்டு மணிக்கு வேன் வந்துடும்."

"எந்த வேன்? செஞ்சிக்கா?"

"செஞ்சி எங்கயும் ஓடிப் போயிடாது. ஒலக்கூர் பக்கம் ஜெபத்துக்குப் போறோம். நீயும் வர்ற."

உள்ளேயிருந்து அவள் கணவர் அருள்ராஜ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஓய்வு நேரத்தில் பல சபையாரும் சேர்ந்த ஒரு ஜெபக்குழுவுக்குத் தலைவர். எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. போன மாதம் யாரோ ஒரு போதகர் பேசியதைக் கேட்டு அவருக்கு மூன்று நாள் தூக்கம் போய்விட்டதாம். ஐரோப்பாவில் கிறிஸ்தவர்கள், இயேசுவைக் கொன்றவர்கள் என்று சொல்லிச் சொல்லியே யூதர்களைப் பல நூற்றாண்டுகளாக ஊர் ஊராக விரட்டியதையும் எரித்ததையும், போன நூற்றாண்டில் பிள்ளைகுட்டிகளோடு லட்சக்கணக்கில் கொன்றபோது பல கோயில்கள் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் அவர் அன்றுதான் முழுதாகத் தெரிந்துகொண்டிருக்கிறார். அதற்காக மனம் வருந்தி ஜெபிக்கத்தான் இந்தப் பயணம்.

"நல்ல காரியம், மாப்ளே. ஆனா ஒலக்கூர்ல ஏது யூதர்?" என்றேன்.

"அங்க யூதங்க இல்ல, மச்சான். பாஸ்கா நாடகம் இருக்குது" என்றார். இட்லி வந்துவிட்டதால் மேலே கேட்க முடியவில்லை.

வேன் எட்டேகாலுக்கு வந்தது. உள்ளே பதினான்கு பேர், ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி, மூன்று தண்ணீர்க் கேன்கள். ஆளுக்கு இருநூறு ரூபாய். விருந்தாளி என்று எனக்கு விலக்கு அளித்தார்கள். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சுமார் நாற்பது கிலோமீட்டர். சாலையின் இருபுறமும் கரும்பு, அதற்கப்புறம் விற்பனைக்கு மனைகள், மறுபடி கரும்பு. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் எங்களுக்கு முன்னால் ஒரு லாரிக்காரரின் அட்டை வேலை செய்யாமல் அரைமணி போயிற்று. அந்த அரைமணியில் ஓட்டுநர் பழனிக்கும் அருள்ராஜுக்கும் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"சார், யாரு யாரை அடிச்சாங்க?"

"கிறிஸ்டினுங்க யூதங்களை அடிச்சாங்க. ஐரோப்பாவுல."

"நீங்க அடிக்கலியே?"

"நான் அடிக்கலைப்பா. ஆனா அண்ணந்தம்பியில ஒருத்தன் அடிச்சிட்டா, வூட்டு ஆளுங்க போயி மன்னிப்புக் கேக்கறதில்லையா?"

"கேப்போம் சார். ஆனா அடிவாங்கினவன் வூட்டுக்குப் போவோம். நீங்க இன்னாடான்னா ஒலக்கூருக்குப் போறீங்க."

வேனில் இருந்த பெண்கள் உடனே பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். சங்கடம் வந்தால் பாட்டெடுப்பது எல்லா ஜெபக்குழுக்களுக்கும் பொதுவான வழக்கம்.

திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். டீ பன்னிரண்டு ரூபாய். வேகவைத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் இருபது. நிலக்கடலையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அங்கே ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்து வேனில் ஏறினார். ஐம்பது வயது, கடா மீசை, கணீர்க் குரல், இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. ஏறியவர் நேராக என் பக்கத்தில் உட்கார்ந்து கை கொடுத்தார்.

"லூர்துசாமி. மல்லாட்டை மண்டியில எடை போடறேன். ஆனா கயபான்னாதான் எங்க ஏரியாவுல தெரியும்."

கயபா என்பவர் இயேசுவுக்குத் தண்டனை கேட்ட யூதத் தலைமைக் குரு. இவருடைய கிராமத்தில் ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுகிறார்கள், அதுதான் பாஸ்கா. அதில் இருபத்திரண்டு வருடமாகக் கயபா வேஷம் இவருக்குத்தான். பெரிய வெள்ளிக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்கினாலே பிள்ளைகள் இவரைப் பார்த்துப் பயந்து ஓடுமாம். பெரிய வெள்ளி முதல் ஈஸ்டர் வரை பக்கத்து வீட்டில்கூட இவருக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டார்களாம். இதையெல்லாம் அவர் குறையாகச் சொல்லவில்லை. பத்ம விருது வாங்கியவர் மாதிரிச் சொன்னார்.

"இந்தத் தழும்பு எப்படி வந்துச்சுன்னு கேளுங்க சார்."

நான் கேட்பதற்குள் அவரே தொடர்ந்தார். "பதினோரு வருஷம் ஆவுது. 'இவன் சாவுக்கு உரியவன்'னு கைய நீட்டிச் சொன்னேன் பாருங்க, கூட்டத்துலேர்ந்து ஒரு கல்லு! நாலு தையல். எந்த நடிகனுக்கு சார் இப்படி ஒரு பரிசு கெடைக்கும்?"

பிறகு என் காதருகே குனிந்து குரலைத் தாழ்த்தினார். அருள்ராஜ் நாடகக் கமிட்டியோடு பேசிவிட்டாராம். யூதர்களைக் கொடியவர்களாகக் காட்டும் காட்சிகளை எடுத்துவிடவேண்டும் என்று கேட்டிருக்கிறார், கமிட்டியும் தலையாட்டியிருக்கிறது. இன்றைய ஜெபம் முடிந்ததும் முடிவு சொல்லிவிடுவார்கள். "நீங்க அவரு மச்சான். ஒரு வார்த்தை சொல்லுங்க. வேஷம் போச்சுன்னா நான் வெறும் எடைக்காரன் சார்." அவர் கண் கலங்கியிருந்தது. சிபாரிசு செய்கிறேன் என்று நான் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மல்லாட்டையை அவர் பக்கம் நீட்டினேன்.

ஒலக்கூரைத் தாண்டி இடதுபுறம் திரும்பி, ஏரிக்கரையோரம் போனால் அந்தக் கிராமம். பெயரை எழுத வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள். பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கோயிலுக்கு முன்னால் சாமியானா போட்டிருந்தது. நூறு பேர் இருக்கும். கூலி வேலைக்குப் போகிறவர்கள், சொந்தமாக அரைக்காணி நிலம் வைத்திருப்பவர்கள், எதிர்த் தெருவிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த இந்துக்கள் எனக் கலவையான கூட்டம். தவக்காலம் என்பதால் பிரியாணி கிடையாது, சாம்பார்தான் என்று தெரிந்ததும் பழனி வேனுக்குத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அருள்ராஜ் நன்றாகவே பேசினார். இயேசு யூதர் என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"நெஜமாவா? மாதா?" என்று முன்வரிசையில் ஒரு பெண் கேட்டார்.

"மாதாவும் யூதப் பொண்ணுதாம்மா. சூசையப்பரு, ராயப்பரு, எல்லாரும்."

"அப்ப கிறிஸ்டின் யாரு இருந்தாங்க அங்க?"

"யாருமே இல்லம்மா."

பின்னால் நின்ற லூர்துசாமி கையைக் கட்டிக்கொண்டு, இது தனக்குச் சாதகமா பாதகமா என்று தெரியாமல் விழித்தார். அடுத்ததாக அருள்ராஜ், பெரிய வெள்ளிப் பிரசங்கம் கேட்ட சூட்டோடு கோயிலிலிருந்து நேரே யூதர் தெருவுக்குப் போய் அடித்த ஊர்களைப் பற்றிச் சொன்னார். சலசலப்பு அடங்கியது. எல்லோரும் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்போம் என்றார். எல்லோரும் மண்டியிட்டோம். பெண்கள் அழுதார்கள். பிரசங்கம் என்றால் கண் அசருகிற வழக்கமுள்ள எனக்கும் அன்று தூக்கம் வரவில்லை.

ஆமென் சொல்லி ஜெபம் முடிந்தது. அருள்ராஜ் எழப்போனார். மகளிர் குழுத் தலைவி ஆரோக்கியமேரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து மறுபடி மண்டியிட வைத்தார்.

"எழுந்திரிக்கக் கூடாது சார். 'சரி, எழுந்திரு'ன்னு சொல்லணும்."

"யாரு சொல்லணும்?"

"அடிபட்டவங்க."

விஷயம் அப்போதுதான் தெரிந்தது. இந்த ஊரில் நாலு பேர் முன்னால் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டால், பாதிக்கப்பட்டவர் வந்து எழுந்திரு என்று சொல்லும்வரை எழக் கூடாது. தானாக எழுந்தால் கேட்ட மன்னிப்பு செல்லாது. சண்டை முன்னைவிட இரண்டு மடங்காகத் தொடரும். இது தெரியாமல் என் மாப்பிள்ளை ஒரு ஊரையே மண்டிபோட வைத்துவிட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கீழே சரளைக்கல். எனக்கு வலது முழங்காலில் தேய்மானம். டாக்டர் மாடிப்படியே ஏறக் கூடாது என்றிருக்கிறார்.

"யூதருக்கு எங்க போறது?" என்றார் அருள்ராஜ் பரிதாபமாக.

"ஏன், நம்ம கயபா கீறாரே" என்றது ஒரு குரல். நின்றுகொண்டிருந்த ஒரே ஆளும் அவர்தான். பங்குச் சாமியார் உட்காரும் நாற்காலியை மண்டியிட்டபடியே ஒருவர் கை மாற்றி ஒருவர் கொண்டுவந்து போட்டார்கள். லூர்துசாமி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மேடையில் நடக்கிற நடையில் வந்து அமர்ந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவருக்கு இவ்வளவு பெரிய காட்சி வாய்த்திருக்காது.

"சொல்றேன். ஆனா கயபா வேஷத்த எடுக்க மாட்டோம்னு கமிட்டி மொதல்ல சொல்லட்டும்."

"இது பேரம் பேசற எடமா?" என்றார் அருள்ராஜ். "மேடையில யூதனைப் பாத்து ஜனங்க கல்லு எறியறாங்க. அந்தப் பாவத்துக்குத்தானய்யா முழங்கால் போட்டிருக்கறோம்!"

"கல்லு எறிஞ்சது என் மேல. நானே ஒன்னும் சொல்லலை. உங்களுக்கு இன்னா?"

கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொடுத்துவிடலாம் என்கிற முகம் நாலைந்து தெரிந்தது. என் முகமும் அதில் ஒன்று. அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. லூர்துசாமியின் மனைவி ஜெசிந்தா. அவரும் மண்டியிட்டிருந்தார்.

"இன்னாயா பேரம் பேசிக்கினு கீற? அந்தக் கல்ல எறிஞ்சது யாருன்னு தெரியுமா ஒனக்கு?"

"எவனோ பக்தியுள்ளவன்."

"நான்தான்."

லூர்துசாமி சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"நான்தான்யா. நீ கைய நீட்டினதும் பக்கத்துல இருந்தவ செருப்ப எறிஞ்சா. பின்னாலேர்ந்து மண்ணாங்கட்டி வந்துச்சு. என் கையில இன்னா கீதுன்னுகூட பாக்கலை, எறிஞ்சிட்டேன். அந்த நேரத்துல நீ என் புருசன்னே தோணலை. யூதன்னுதான் தோணுச்சு. ரத்தம் வந்தப்புறம்தான் அது நீன்னு தெரிஞ்சுது."

"ஏன் சொல்லலை?"

"தையல் போடறப்பவே சொல்லணும்னு வந்தேன். நீ பரிசு பரிசுன்னு ஊரெல்லாம் காட்டிக்கினு திரிஞ்ச. எப்படிச் சொல்றது?"

பதினோரு வருடம் ஒரே வீட்டில், தினமும் அந்த நெற்றியைப் பார்த்துக்கொண்டு சோறு போட்டிருக்கிறார் அந்த அம்மாள். ஐரோப்பாவில் எந்த ஊரிலோ நடந்தது என்று அரைமணி நேரம் கேட்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது, பயமாகவும் இருந்தது. அங்கேயும் நல்ல மனிதர்கள்தான் எறிந்திருப்பார்கள்.

லூர்துசாமி நாற்காலியிலிருந்து இறங்கினார். இந்தத் தடவை மேடை நடை இல்லை. மனைவி முன்னால் போய் நின்றார்.

"சரி, எழுந்திரு."

ஜெசிந்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாங்கள் எல்லோரும் ஆவலோடு நிமிர்ந்து பார்த்தோம்.

"உங்களுக்கு நான் சொல்ல முடியாது" என்றார் லூர்துசாமி. "இவ எறிஞ்சது என் மேல, அதனால சொன்னேன். செத்துப்போனவங்க யாரும் எங்கிட்ட சொல்லிட்டுப் போவலை."

மறுபடியும் சிக்கல். கடைசியில் ஆரோக்கியமேரிதான் தீர்ப்புச் சொன்னார். "கேட்டது கேட்டதாவே இருக்கட்டும். பதில் வரலை, அவ்ளோதான். எழுந்திருங்க, சோறு ஆறிக்கினு கீது." மன்னிப்புக் கிடைக்காமலே எழுந்தோம். என்னைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

சாப்பாடு சோறு, கத்திரிக்காய் சாம்பார், கேப்பைக்களி ஓர் உருண்டை, அப்பளம். லூர்துசாமி எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். வேஷத்தைப் பற்றி அருள்ராஜ் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த நாகரிகத்துக்காக என் மாப்பிள்ளையின் மற்ற குறைகளை நான் மன்னித்துவிட்டேன்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். வழியனுப்ப ஏரிக்கரை வரை சிலர் வந்தார்கள். ஜெசிந்தா ஜன்னல் பக்கம் வந்து என்னைக் கேட்டார்.

"சார், உங்க ஊரு பக்கம் யூதங்க இருக்காங்களாமே?"

"எங்க ஊர்ல இல்லம்மா. கொச்சியில. எங்களுக்கு ஒரு பகல் ரயில் தூரம். ரொம்ப காலம் நல்லா இருந்தாங்க. முக்கால்வாசிப் பேர் அவங்க தேசத்துக்குப் போயிட்டாங்க. இப்ப விரல் விட்டு எண்ணிடலாம்."

"யாரு தொரத்தினது?"

"யாரும் துரத்தலை. அவங்களாத்தான் போனாங்க."

"அப்பாடா" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அன்று அந்த அம்மாளிடம் அரைகுறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"முந்தி ஒரு காலத்துல போர்ச்சுகீசியர் வந்து அவங்க கோயில எரிச்சாங்க. உள்ளூர் ராஜாதான் அரண்மனை பக்கத்துல இடம் குடுத்துக் காப்பாத்தினாரு."

"போர்ச்சுகீசியருன்னா?"

"கிறிஸ்தவங்கதாம்மா."

ஜெசிந்தா பின்னால் திரும்பிக் கணவரைக் கூப்பிட்டார். "கேட்டியா? அங்கயும் நாமதான்!" பிறகு என்னிடம், "அந்தக் கோயிலு இப்ப கீதா? போனா உள்ள வுடுவாங்களா?" என்று கேட்டார். இருக்கிறது, விடுவார்கள் என்றேன். திண்டிவனத்திலிருந்து எப்படிப் போவது, எங்கே ரயில் மாறுவது என்று விசாரித்து இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். போய் என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. நாகர்கோவிலில் ஐம்பத்தெட்டு வருடமாக இருக்கிற நான், கொச்சிக்கு நாலு தடவை போயும் அந்தக் கோயில் இருக்கிற தெருவில் மிளகு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியவன்.

பழனி வேனைக் கிளப்பினார். லூர்துசாமி நகர்கிற வண்டியின் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

"நானும் கூடப் போறேன் சார். பெரிய வெள்ளியில போலாம்னு கீறேன். அன்னிக்கு எனக்கு வேலை ஒன்னுமில்ல."