நஸ்லா எழுதிய கை

நஸ்லா பிறந்தது பாலாவியில், யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்களின் முகாமொன்றில். கொழும்பில் படித்து முடித்து, யுத்தம் ஓய்ந்து சில வருடங்களின் பின், அதே பாலாவியில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுத் தொழிற்சாலைகளின் ரோபோக்களுக்கு நிரல் எழுதினாள். உண்மையான ரோபோ ஒன்றை அவள் தொட்டதே இல்லை. ரோபோவின் கட்டுப்பாட்டுப் பெட்டி எப்படி இயங்குமோ, அச்சொட்டாக அப்படியே இயங்கும் மென்பொருள் அவளுடைய லெப்டொப்பில் இருந்தது. திரையில் அந்த இரும்புக் கை எங்கும் மோதாமல் வேலையை முடித்தால், அங்கேயும் முடிக்கும்.

கணவன் ஸப்ரானுக்குக் கட்டாரில் வெல்டிங் வேலை. டிரெய்லர் செய்கிற கம்பனி.

ஒரு நோன்பு மாதத்தில் புதிய வேலையொன்று வந்தது. யாருக்கென்று சொல்லவில்லை. வரைபடத்தைத் திறந்தாள்: ஒரு டிரெய்லரின் இரும்புச் சட்டம். மீன் வாலைப்போல் பின்னால் பிரியும் அதே சட்டத்தில் சாய்ந்து நின்றுதான் ஸப்ரான் படம் எடுத்து அனுப்பியிருந்தான்.

நோன்பு திறந்த கையோடு அவனை அழைத்தாள்.

"இது உங்கட ஃபெக்டரிக்குத்தான் போல ஈக்கிது. நான் செய்ய மாட்டேன்."



"நீ செய்யாட்டி இன்னொராள் செய்வாங்கதானே. மெஷின் வரத்தான் போகுது. ஒழுங்காச் செஞ்சு குடு."

செய்தாள். வெல்டிங் டோர்ச்சின் சரிவை மூட்டுக்கு மூட்டு எழுதும்போது, அங்கே குனிந்து நிற்கும் முதுகு அவள் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு வெல்டர்களை, ஸப்ரானையும் சேர்த்து, ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஸப்ரானோடு வேலை செய்த எத்தாளை ஊர் நூர்தீன் ஒருநாள் வீட்டுக்கு வந்தான்.

"எவனோ கம்பியூட்டருக்கு முன்னால குந்தி எங்கட வயித்துல அடிச்சிட்டான் மச்சான்" என்றான்.

தேநீர் கொண்டுவந்த நஸ்லா நின்றாள்.

"அது நான்தான், நூர்தீன் நானா."

நூர்தீன் ஸப்ரானைப் பார்த்தான். ஸப்ரான் தலையைக் குனிந்துகொண்டான். கோப்பையைத் தொடாமலே நூர்தீன் எழுந்து போனான். பிறகு அவன் வரவேயில்லை.

அன்று ஸப்ரான் அவளருகே கதிரையை இழுத்துப் போட்டான். "அதைக் காட்டு பாப்பம்."

ஓடவிட்டாள். திரையில் கை வளைந்து, தாழ்ந்து, சட்டத்தைச் சுற்றி வந்தது.

"புகையே இல்ல" என்றான், சிவந்துபோன கண்களைக் கசக்கியபடி. "இதுக்குக் கண் எரியாது என்ன?"

நஸ்லா லெப்டொப்பை மூடினாள்.

அவள் வேலையை விடவில்லை. அதில்தான் வீடு நடந்தது. அவள் லெப்டொப்பைத் திறந்தால் ஸப்ரான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். கோபமில்லை. சந்தியில் நிற்பான், உப்பளத்தில் மூட்டை ஏற்ற ஆள் தேடி ஏதாவது லொறி வருமா என்று பார்த்துக்கொண்டு.