சாரின் உதட்டில் வைத்த படிகாரம்

ஜெபமணி சார் இறந்த செய்தி வந்தபோது, பழங்காநத்தத்தில் என் சலூனில் ஒருவருக்குப் பாதி முகம் சவரம் முடிந்திருந்தது. சாரின் மகள் போனில் பேசினாள். "மாமா, அப்பா விடிகாலையில தவறிட்டாங்க. நீங்க வந்து சவரம் பண்ணுனாத்தான் பெட்டிக்குள்ள படுப்பேன்னு சொல்லியிருந்தாங்க." மீதி முகத்தையும் முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

உங்களில் பலர் அவரிடம் வேதியியல் படித்தவர்கள். இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் பேசினீர்கள், என்னைக் கூப்பிடவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு. மற்றதெல்லாம் பழைய புத்தகங்களை வாங்கி நானாகப் படித்தது. ஆனால் முப்பது வருடம் அவரோடு மல்லுக்கு நின்றவன் நான் ஒருவன்தான். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் சண்டை படிகாரத்தில் தொடங்கியது. ஒருநாள் அவருடைய இடது தாடையில் கத்தி பட்டுவிட்டது. படிகாரக் கல்லை நனைத்துத் தேய்த்தேன். தோல் சுருங்கி ரத்தம் நின்றது.

"பாத்தீங்களா சார், துவர்ப்பு உசுரத் தேடிப் போய்ப் புடிக்குது" என்றேன்.

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "உசுர இல்லண்ணே, சதைய. சதையில இருக்குற புரதத்தப் புடிச்சு இறுக்குது. செத்த ஆட்டுத்தோலக் கடுக்காய்த் தண்ணியில போட்டா இறுகலையா?"

"அது தோல் பதனிடுற ஷாப்பு சார். இது என் கடை."

போன வருடம் தொண்டைப் புற்றுக்குக் கரண்டு வைத்த பிறகு அவருக்கு நாக்கில் ருசி செத்துப்போனது. "சீனியும் உப்பும் ஒண்ணாத்தாண்ணே இருக்கு. வாழைப்பூவும் கொட்டப்பாக்கும் மட்டும் வாய இழுக்குது. துவர்ப்பு ருசி இல்ல, தொடுற உணர்ச்சின்னு எம்புட்டுத் தடவ சொன்னேன்?"

"உசுரு இருக்கு, இழுக்குது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப நான் செத்த பெறகு ஒதட்டுல வச்சுப் பாருங்க. இழுத்துச்சுன்னா நான் ஜெயிச்சேன். இல்லேன்னா நீங்க. வாரேண்ணே."

அவர் இறந்த அன்று, அவர் வீட்டு அறையில் நானும் அவரும் மட்டும். கூடத்தில் ஜெபப் பாட்டு. அவர் கன்னத்தில் வைத்த நுரை வைத்தபடியே நின்றது. இடது தாடையில், அதே பழைய இடத்தில் கத்தி பட்டது. ரத்தம் வரவில்லை. கல்லை நனைத்துக் கீழுதட்டில் வைத்துக் காத்திருந்தேன். பாட்டில் ஒரு சரணம் முடிந்தது. லேசாகத் திறந்திருந்த உதடு ஒடுங்கியது, வலது ஓரத்தில் மட்டும். என்னை மடக்கும்போது அவர் சுழிக்கும் அதே ஓரம்.

மகள் உள்ளே வந்தாள். "அப்பா சிரிச்ச மாதிரி இருக்காங்க. என்ன பண்ணுனீங்க மாமா?"

"சவரந்தாம்மா."

நியாயப்படி, சார் ஜெயித்துவிட்டார் என்று எழுதி நான் முடிக்க வேண்டும். எழுத மாட்டேன். துவர்ப்பு உயிரைத்தான் பிடிக்கும். அப்படியானால் அன்று நாலு மணிக்கு நாம் எல்லாரும் யார் மேல் மண் அள்ளிப் போட்டோம் என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தோற்றேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்குத் தூக்கம் வரும். சொல்ல வரவில்லை.

அவர் போன பிறகு எனக்கு மிஞ்சியது அந்தக் கல். வேறு யார் முகத்திலும் அதை வைப்பதில்லை. தினமும் கடை திறந்ததும் நனைத்து என் உதட்டில் வைத்துப் பார்க்கிறேன். வலது ஓரம் மட்டும் இழுக்கிறது.